தூக்க மாத்திரையா வலி மாத்திரையா, எதை முதல்ல நிறுத்தறது?

கும்பகோணம் பக்கத்துலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், முக்கியமான இடத்தை மட்டும் போடறேன்.

"டாக்டர், எங்கம்மாவுக்கு 67 வயசு. 7 வருஷம் முன்னாடி அப்பா தவறினதுல இருந்து தூக்கம் வரலைன்னு அல்ப்ரஸோலம் 0.5 எழுதிக் குடுத்தாங்க, அன்னைலேர்ந்து ராத்திரி ஒண்ணு போட்டாத்தான் படுப்பாங்க. ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி 3 மணிக்கு பாத்ரூம் போறப்ப வாசப்படி தடுக்கி, உட்கார்ந்த மேனிக்கு விழுந்துட்டாங்க, முதுகெலும்பு ஒரு இடத்துல நசுங்கியிருக்கு. எலும்பு டாக்டர் பெல்ட் போடச் சொல்லி, ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை காலைல ராத்திரின்னு ரெண்டு வேளை, கூட ராத்திரிக்கு நரம்பு மாத்திரை ப்ரீகாபலின் 75 எழுதியிருக்கார். 12 நாளா போட்டுக்கறாங்க. தூக்க மாத்திரை போடறதை அவர்கிட்ட நாங்க சொல்லலை, அது எப்பவும் போடறதுதானேன்னு விட்டுட்டோம். கோயம்புத்தூர்ல இருக்கற அண்ணன், 'ட்ரமடால் போதை மாத்திரை, பேப்பர்ல தினம் வருது, அதை நிறுத்து, தூங்கறதுக்குத்தான் பழைய மாத்திரை இருக்கே'ங்கறார். எனக்கு அந்த பழைய மாத்திரை மேலதான் பயம். ரெண்டு நாள் அதை குடுக்காம விட்டுப் பார்த்தேன், கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி பூரா கட்டில்ல உட்கார்ந்தே இருந்தாங்க, பயந்து போய் மூணாம் நாள் குடுத்துட்டேன். இப்ப எல்லாம் சேர்த்துதான் போகுது. பகல்லயே சொக்கி சொக்கி விழறாங்க, குறட்டையும் பலமா இருக்கு. ரெண்டுல எது ஆபத்து? எதை நிறுத்தணும்?"

சகோதரி, அவசரமான விஷயத்தை கடிதம் பார்த்த அன்னைக்கே உங்களுக்கு தனியா அனுப்பிட்டேன், ஆனா இதே மாதிரி வீட்டுல மூணு மாத்திரையும் ஒரே டப்பால வெச்சிருக்கறவங்க நிறைய பேர் படிப்பாங்கங்கறதால இங்கயும் முதல்ல அதையே சொல்லிடறேன். பகல்ல சொக்கி விழற ஆளை நாளைக்கு பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட போன்லயாவது, "இவங்க 7 வருஷமா அல்ப்ரஸோலம் போடறாங்க, உங்க மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து மயக்கமாவே இருக்காங்க"ன்னு சொல்லணும். அவரை பிடிக்க முடியலையா, வேற ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டு போய் காட்டணும். அதுவரைக்கும், ஏற்கனவே தூங்கி வழியற ஆளுக்கு ராத்திரி ட்ரமடால் மாத்திரையும் ப்ரீகாபலினும் குடுக்கக் கூடாது, வலிக்கு வெறும் பாராசிட்டமால் போதும். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. ஆமா, நீங்க எதுக்கு பயந்தீங்களோ அதைத்தான் இப்போதைக்கு விட்டு வைக்கச் சொல்றேன், ஏன்னு சொல்றேன்.

நான் மயக்க டாக்டர். 20 வருஷத்துக்கு மேல ஆபரேஷன் தியேட்டர்லதான் இருக்கேன், நீங்க கேட்ட அந்த ரெண்டு குடும்பத்து மருந்தையும் நான் தினமும் சேர்த்துத்தான் குடுக்கறேன். தூக்க மாத்திரை குடும்பத்துலேர்ந்து மிடாஸோலம், அது அல்ப்ரஸோலத்துக்கு பங்காளி, நரம்புல ஊசியா போடறது. வலி மருந்து குடும்பத்துலேர்ந்து ஃபென்டனில், ட்ரமடாலோட பல மடங்கு வீரியமான அண்ணன். ரெண்டும் என் கைல இருக்கற நல்ல மருந்துங்கதான். ஆனா நான் அந்த அம்மாவோட தலைமாட்டுலயே நிக்கறேன், விரல்ல ஆக்சிஜன் பார்க்கற மெஷின் மாட்டியிருக்கு, என் கண்ணு அந்த நம்பர் மேலயே இருக்கு.

அங்க என்ன நடக்குதுன்னு பக்கத்துல வந்து பாருங்க. ஒரு வயசான அம்மாவுக்கு ஃபென்டனில் மட்டும் கொஞ்சம் போட்டேன்னு வைங்க. முகத்துல இருந்த வலி சுருக்கம் போயிடும், கண்ணு பாதி மூடியிருக்கும், மெஷின்ல 98, 95, 92ன்னு நம்பர் இறங்கும். அவங்க மூச்சு விட மறந்துட்டாங்க, நிஜமாவே மறந்துட்டாங்க. நான் குனிஞ்சு காதுகிட்ட "அம்மா, மூச்சை நல்லா இழுங்க"ம்பேன், உடனே நெஞ்சு ஏறும், நம்பரும் ஏறும். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப மறப்பாங்க, திரும்ப சொல்வேன். இதே அம்மாவுக்கு மிடாஸோலமும் சேர்ந்து உள்ள போயிருந்தா நான் மூணு தடவை கூப்பிட்டாலும் காதுல விழாது. நாக்கும் தொண்டையும் தளர்ந்து பின்னாடி விழுந்திருக்கும், ரெண்டு விரலால தாடையை தூக்கிப் பிடிச்சாத்தான் காத்து உள்ள போற சத்தம் கேக்கும். எத்தனையோ தடவை ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த தாடையை விடாம பிடிச்சுக்கிட்டே நின்னிருக்கேன்.

உங்க கேள்விக்கு பதில் இந்த இடத்துலதான் இருக்கு. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா, மூளைக்கு அடில தண்டு மாதிரி இருக்கற பாகத்துல ஒரு அலாரம் அடிக்கும், "மூச்சு விடு"ன்னு. வலி மாத்திரை குடும்பம் அந்த அலாரத்தோட சத்தத்தை குறைக்குது. தூக்க மாத்திரை குடும்பம் அந்த அலாரத்தை கேட்டு எழ வேண்டிய ஆளை தூங்க வைக்குது, தொண்டையையும் தளர்த்துது. ஒரு மருந்து மட்டும் உள்ள போயிருந்தா, அலாரமோ அதை கேட்டு எழற ஆளோ ஏதாவது ஒண்ணு மிஞ்சி காப்பாத்தும். ரெண்டும் ஒரே ராத்திரில சேர்ந்தா, 2 மணிக்கு உங்க வீட்டு இருட்டுல, "அம்மா மூச்சை இழுங்க"ன்னு சொல்றதுக்கு யாரும் பக்கத்துல இல்லை.

இதை 1990ல ஒரு ஆராய்ச்சியில தெளிவாவே காட்டியிருக்காங்க. ஒரு நோயும் இல்லாத 12 பேரை எடுத்து மிடாஸோலம் மட்டும் போட்டுப் பார்த்தாங்க, யாருக்கும் ஆக்சிஜன் சொல்லிக்கற மாதிரி இறங்கலை. ஃபென்டனில் மட்டும் போட்டப்ப 6 பேருக்கு இறங்குச்சு. ரெண்டையும் சேர்த்துப் போட்டப்ப 12ல 11 பேருக்கு இறங்குச்சு, அதுல 6 பேருக்கு மூச்சு கொஞ்ச நேரம் நின்னே போச்சு. தனித்தனியா போட்டப்ப ஒருத்தருக்கும் மூச்சு நிக்கலை. அது ஊசி, உங்கம்மா போடறது மாத்திரை, அளவும் வேற, அதனால அதே மாதிரி உங்க வீட்டுல நடக்கும்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்த 12 பேரும் வயசுல சின்னவங்க, ஆரோக்கியமானவங்க. உங்கம்மாவுக்கு 67 வயசு, குறட்டை, மூணாவதா ப்ரீகாபலின் வேற. அந்த நரம்பு மாத்திரையை யாரும் கணக்குலயே எடுக்கறதில்லை. வலி மாத்திரையோட அது சேர்ந்தா மூச்சு மந்தமாகும்னு 2019ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. தனியா எச்சரிக்கை குடுத்துச்சு, முக்கியமா வயசானவங்களுக்கும் நுரையீரல் நோய் இருக்கறவங்களுக்கும். பலமான குறட்டை, நடுவுல சத்தம் நின்னு அப்பறம் திணறி எழற மாதிரி இருந்தா அது தூக்கத்துல மூச்சு தடைபடற நோயா இருக்கலாம், அப்படி இருந்தா இந்த மூணும் சேர்றது இன்னும் மோசம்.

ஹீத் லெட்ஜர்னு ஒரு நடிகர், 2008 ஜனவரில நியூயார்க்ல 28 வயசுல இறந்து போனார். பிரேத பரிசோதனை அறிக்கைல அவர் உடம்புல இருந்த மருந்துங்க பேரு வந்துச்சு. ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், இது ரெண்டும் வலி மாத்திரை. டயஸிபாம், டெமஸிபாம், அல்ப்ரஸோலம், இது மூணும் தூக்கம், பதட்டத்துக்கு குடுக்கற குடும்பம். கடைசியா டாக்ஸிலமின், தூக்கம் வரவைக்கற அலர்ஜி மாத்திரை. ஹெராயின் மாதிரி தெருவுல விக்கற போதைப் பொருள் எதுவும் அந்த பட்டியல்ல இல்லை. தற்கொலையில்லை, மருந்துங்களோட கூட்டு விளைவால நடந்த விபத்துன்னுதான் முடிவு பண்ணாங்க. அந்த பட்டியல்ல அல்ப்ரஸோலம்னு இருக்கு பாருங்க, உங்க வீட்டு டப்பால இருக்கற அதே பேர்.

அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர்ல வலி மாத்திரை வாங்கினவங்களை 2004லேர்ந்து 2009 வரைக்கும் பார்த்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. வலி மாத்திரை மட்டும் போட்டவங்களை விட கூடவே இந்த தூக்க மாத்திரை குடும்பத்தையும் போட்டவங்க மருந்து அதிகமாகி இறக்கறது கிட்டத்தட்ட 4 மடங்கு. இறந்தவங்கள்ல ஏறக்குறைய பாதி பேர், ரெண்டையும் ஒரே சமயத்துல வாங்கிட்டு இருந்தவங்க. 2016ல எஃப்.டி.ஏ. ரெண்டு குடும்பத்து மருந்துக்கும், "சேர்த்துக் குடுக்காதீங்க, வேற வழியே இல்லன்னா குறைஞ்ச அளவு, குறைஞ்ச நாள்"னு கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை மருந்தோட குறிப்புத்தாள்லயே ஏத்தச் சொல்லிடுச்சு.

இப்ப உங்கண்ணன் விஷயத்துக்கு வரேன். அவர் மேல கோவப்படாதீங்க, அவர் பயத்துல நியாயம் இருக்கு. ரெண்டையும் தனித்தனியா வெச்சுப் பார்த்தா, மூச்சை நிறுத்தறதுல வலி மாத்திரை குடும்பம்தான் கொடுமையானது. அந்த காலத்து தூக்க மாத்திரை பார்பிட்யூரேட் இருந்துச்சே, அது தனியாவே ஆளைக் கொல்லும், 1962ல நடிகை மர்லின் மன்றோ இறந்தது அந்த மாத்திரை விஷத்தாலன்னுதான் முடிவு பண்ணாங்க. 1960ல லிப்ரியம், 1963ல வேலியம்னு இப்ப இருக்கற குடும்பம் வந்தப்ப உலகமே நிம்மதியானதுக்குக் காரணம், இதை தனியா நிறைய முழுங்கினாலும் பெரும்பாலும் பிழைச்சுக்கறாங்கங்கறதுதான். வலி மாத்திரைல அப்படி இல்லை. 1996ல ஆக்ஸிகான்டின்ங்கற வலி மாத்திரை மார்க்கெட்டுக்கு வந்து, "இது அவ்வளவா பழக்கம் ஆகாது"ன்னு டாக்டர்களை நம்ப வெச்சு வித்ததுலதான் அமெரிக்காவுல அந்த பெரிய அழிவு ஆரம்பிச்சுது, தப்பா சொல்லி வித்ததை அந்த கம்பெனி 2007ல கோர்ட்ல ஒத்துக்கிட்டுச்சு. 2021ல ஒரே வருஷத்துல அங்க மருந்து அதிகமாகி இறந்தவங்க ஒரு லட்சத்துக்கும் மேல, அதுல பெரும்பாலானவங்க இந்த வலி மருந்து குடும்பத்தால, அதுலயும் கள்ளத்தனமா தயாரிக்கற ஃபென்டனிலால. நம்ம ஊர்லயும் பசங்க வலி மாத்திரையை தண்ணில கரைச்சு ஊசில ஏத்திக்கிட்டு சாகற செய்தி வந்துக்கிட்டுதான் இருக்கு. அண்ணன் படிச்சது அதைத்தான்.

ஆனா அந்த பயத்தை அப்படியே அம்மா மேல போடறது தப்பு. முதுகெலும்பு நசுங்கின வலி சாதாரண வலி இல்லை, இருமினா உயிர் போகும், புரண்டு படுத்தா கத்துவாங்க. அந்த வலிக்கு டாக்டர் மேற்பார்வைல சின்ன அளவுல, சில நாள், ட்ரமடால் குடுக்கறது தப்பான வைத்தியம் கிடையாது. ஒரு பாட்டி ரெண்டு வாரம் ட்ரமடால் போட்டா போதைக்கு அடிமை ஆயிட மாட்டாங்க. இந்த பயம் நம்ம நாட்டுல எவ்வளவு பேரை வதைச்சிருக்கு தெரியுமா? மத்திய பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசாங்க லைசன்ஸோட அபினி விளையற நாடு இது, ஆனா இங்க புற்றுநோய்க்காரங்க அந்த அபினிலேர்ந்து எடுக்கற வலி மருந்து மார்ஃபின் கிடைக்காம கத்திக்கிட்டே செத்தாங்க, 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு பயந்து ஆஸ்பத்திரிங்க அதை வாங்கி வைக்கவே மாட்டேன்னுச்சு. 2014ல சட்டத்தை திருத்தி லைசன்ஸை எளிசாக்கினதுக்கு அப்பறமும் அந்த பயம் முழுசா போகலை. வலில துடிக்கற புற்றுநோய்க்காரருக்கு மார்ஃபின் குடுக்காம இருக்கறது மன்னிக்க முடியாத விஷயம், இதை நான் எங்க வேணா சொல்வேன்.

ட்ரமடால் பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது வேற சிலது இருக்கு. 1977ல ஜெர்மனில வந்தப்ப இதை ரொம்ப சாதுவான மருந்தாத்தான் பார்த்தாங்க. சாதுவும்தான், ஆனா இது ரெண்டு வேஷம் போடற மருந்து. பாதி வலி மருந்து மாதிரி வேலை செய்யும், பாதி மனச்சோர்வு மாத்திரை மாதிரி வேலை செய்யும். அதனால எஸிடாலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை போடறவங்களுக்கு இது சேரும்போது உடம்பு சூடாகி, நடுங்கி, குழம்பிப் போற ஆபத்து இருக்கு. வலிப்பு வரவைக்கும். வயசானவங்களுக்கு உப்பு, அதாவது சோடியம், இறங்கிடும், சில பேருக்கு சர்க்கரையும் இறங்கும். உங்கம்மா சொக்கி விழறது மருந்து மயக்கமாத்தான் இருக்கணும்னு நானே முடிவு பண்ண மாட்டேன், பி.பி. மாத்திரை வேற போடறாங்கன்னா சோடியமும் சர்க்கரையும் ஒரு ரத்தப் பரிசோதனைல பார்த்துடுங்க. இன்னொண்ணு, அந்த மாத்திரைக்குள்ளயே 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கு. வலி தாங்கலைன்னு மெடிக்கல்ஸ்ல 650 வாங்கி நடு நடுவுல குடுக்கறீங்கன்னா ரெண்டையும் கூட்டிப் பாருங்க, அவங்க வயசுக்கு ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல போக வேண்டாம்.

அண்ணன்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ட்ரமடால் 2018லதான் அந்த போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்துச்சு. அல்ப்ரஸோலம் அதுக்கு முன்னாடியே அந்த பட்டியல்ல இருக்கு. 2014 மார்ச்லேர்ந்து மெடிக்கல்ஸ்ல ஹெச்-1னு ஒரு பட்டியல் நடைமுறைல இருக்கு, அந்த மருந்து அட்டைல சிவப்புக் கட்டம் இருக்கும், யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எவ்வளவு குடுத்தாங்கன்னு கடைக்காரர் தனி நோட்டுல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். அந்த பட்டியல்ல ட்ரமடாலும் இருக்கு, அல்ப்ரஸோலமும் இருக்கு, ஸோல்பிடெம்ங்கற இன்னொரு தூக்க மாத்திரையும் இருக்கு. ஒண்ணு "போதை மாத்திரை", இன்னொண்ணு "அம்மா எப்பவும் போடறது"ன்னு பிரிச்சு வெச்சது நம்ம வீடுங்கதான், சட்டம் இல்லை. அட்டையை எடுத்துப் பாருங்க, சிவப்புக் கட்டம் ரெண்டுலயும் இருக்கும்.

அப்பறம் நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன ஒரு வரி இருக்கே, என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது அதுதான். ராத்திரி 3 மணி, பாத்ரூம், வாசப்படி. 7 வருஷமா தினம் அதே வாசப்படியை தாண்டித்தானே அம்மா போறாங்க? அல்ப்ரஸோலம் போட்டு 10 மணிக்கு படுத்தா 3 மணிக்கு அது உடம்புல நல்லாவே இருக்கும். நடுத்தர வயசுக்காரங்களுக்கே பாதி மருந்து வெளியேற 11 மணி நேரம் ஆகும், வயசானவங்களுக்கு சராசரியா 16 மணி நேரம் இழுக்கும். மூத்திரம் முட்டி எழுந்திருக்காங்க, ஆனா கால் இன்னும் தூங்குது, தடுக்கினப்ப சட்டுனு சமாளிச்சு பிடிக்கற அந்த ஒரு நொடி மருந்துக்கு போயிடுச்சு. விழுந்ததுக்கு மாத்திரைதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, ஆனா 65 வயசுக்கு மேல இந்த குடும்பத்து மாத்திரையை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் சொல்றதுக்கு முக்கிய காரணமே விழறது, எலும்பு முறியறது, நினைவு மங்கறதுதான். அப்படிப் பார்த்தா "பழைய மாத்திரை இருக்கே"ன்னு அண்ணன் சொல்ற அந்த மாத்திரைதான் முதுகெலும்பை நசுக்கி ட்ரமடாலை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கலாம்.

அப்ப உங்க பயம்தானே சரி, அதைத்தானே முதல்ல நிறுத்தணும்னு கேப்பீங்க. இல்லைம்மா. நீங்க அந்த ரெண்டு ராத்திரி பார்த்தது ரொம்ப முக்கியமான விஷயம். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமே இல்லாதது, அது அவங்க பழைய தூக்கமின்மை திரும்ப வந்தது மட்டும் இல்லை, மருந்து திடீர்னு நின்னதால உடம்பு பண்ற ரகளை. 7 வருஷமா பிரேக்கை மிதிச்சே ஓட்டின வண்டி மாதிரி மூளை அதுக்கு ஏத்தாப்ல ஆக்சிலரேட்டரை கூட்டி வெச்சிருக்கு, திடீர்னு பிரேக்கை எடுத்தா வண்டி பிச்சுக்கிட்டு போகும். இது இன்னும் ஒரு நாள் நீண்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், புத்தி பேதலிச்ச மாதிரி ஆகியிருக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கூட வலிப்பை தூண்டற ட்ரமடால் வேற உள்ள இருந்துச்சு. மூணாம் நாள் திரும்ப குடுத்தீங்களே, நல்லவேளை பண்ணீங்க.

வலி மாத்திரையை நிறுத்தினா வர்ற அவஸ்தை வேற மாதிரி. மூக்குல தண்ணி, கொட்டாவி, மயிர்க்கூச்சம், உடம்பு வலி, வயித்தால போறது, பார்க்க பரிதாபமா இருக்கும், ஆனா அதனால உயிர் போறது அபூர்வம். அதுவும் 12 நாள் சின்ன அளவுல போட்டவங்களுக்கு சில நாள்ல படிப்படியா குறைச்சா பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது. அதே மாதிரி மருந்து அதிகமாயிட்டா, வலி மருந்துக்கு நாலக்சோன்னு ஒரு மாத்து மருந்து இருக்கு, ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நீலம் பாரிச்ச ஆள் மூச்சு விடறதை நான் பார்த்திருக்கேன். தூக்க மாத்திரைக்கும் ஃப்ளூமஸினில்னு ஒண்ணு இருக்கு, ஆனா வருஷக்கணக்கா போடறவங்களுக்கு அதை போட்டா வலிப்பே வந்துடும்னு கைல எடுக்கவே யோசிப்போம்.

உள்ள போகும்போது வலி மாத்திரை பொல்லாதது, வெளிய வரும்போது தூக்க மாத்திரை பொல்லாதது. உங்க வீட்டுக் கணக்குக்கு இதுதான் விடை. சேர்ந்திருக்கறதுதான் ஆபத்துங்கறதால ஒண்ணு வெளிய போகணும், சீக்கிரமா பத்திரமா போகக்கூடியது எதுவோ அது முதல்ல போகணும். அதனால டாக்டர்கிட்ட பேசி ட்ரமடாலையும் ப்ரீகாபலினையும் முதல்ல குறைச்சு நிறுத்தப் பாருங்க. அல்ப்ரஸோலத்துக்கு அவசரப்படாதீங்க, அது மாசக்கணக்குல பண்ற வேலை.

எலும்பு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: ப்ரீகாபலின் எதுக்கு எழுதினீங்க, காலுக்கு இறங்கற நரம்பு வலி இல்லாதப்ப அது வேணுமா? பாராசிட்டமாலை மட்டும் நேரம் தவறாம குடுத்து, பெல்ட், ஒத்தடம், பிசியோதெரபின்னு சமாளிக்கலாமா? ட்ரமடால் இன்னும் சில நாள் வேணும்னா பகல்ல மட்டும், தூக்க மாத்திரை நேரத்துலேர்ந்து தள்ளி, குறைஞ்ச அளவுல குடுக்கலாமா? மருந்து எழுதற எந்த டாக்டரும் இந்த கேள்விக்கு கோச்சுக்க மாட்டார், அவருக்கு அல்ப்ரஸோலம் விஷயமே தெரியாதுங்கறதை மறந்துடாதீங்க. சும்மா உட்கார்ந்த மேனிக்கு விழுந்ததுல முதுகெலும்பு நசுங்குதுன்னா எலும்பு பஞ்சா போயிருக்குன்னு அர்த்தம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து அதுக்கு வைத்தியம் ஆரம்பிக்கணும், வலி போனதும் பெல்ட்டை கழட்டிப் போட்டுட்டு இதை மறந்துடற குடும்பங்களை நிறைய பார்க்கறேன், அடுத்து உடையறது இடுப்பு.

முதுகு ஆறினதுக்கு அப்பறம், மனநல டாக்டர் ஒருத்தரை பார்த்து அல்ப்ரஸோலத்தை குறைக்க ஆரம்பிங்க. ரெண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை, இருக்கற அளவுல 5லேர்ந்து 10 சதவீதம்தான் குறைப்பாங்க, நடுவுல தூக்கம் கெட்டா அதே படில நிப்பாட்டி வெச்சு அப்பறம் இறங்குவாங்க. மாத்திரையை அவ்வளவு பொடியா உடைக்க முடியாதுங்கறதால உடம்புல நீண்ட நேரம் நிக்கற டயஸிபாமுக்கு மாத்தி இறக்கற முறையும் உண்டு, இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்ங்கற டாக்டர் 1982லேர்ந்து 12 வருஷம் இதுக்குன்னே ஒரு கிளினிக் நடத்தி பழக்கின வழி அது, வயசானவங்களுக்கு பார்த்துப் பார்த்து பண்ணணும். இந்த வயசுல எங்க விடப் போறாங்கன்னு நினைக்காதீங்க. கனடாவுல 2014ல வந்த ஒரு ஆய்வுல, வருஷக்கணக்கா இந்த மாத்திரை போட்ட 65 வயசு தாண்டினவங்களுக்கு இதோட ஆபத்தையும் எப்படி மெல்ல குறைக்கறதுன்னும் எழுதின ஒரு சின்ன கையேட்டை அனுப்பி வெச்சாங்க. ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் முழுசா விட்டுட்டாங்க, கையேடு கிடைக்காதவங்கள்ல 5 சதவீதம்தான். யாராவது சொன்னா அவங்க கேக்கறாங்க, நாமதான் சொல்றதில்லை.

"ஸோல்பிடெம் புதுசு, பழக்கம் ஆகாது, அதுக்கு மாத்திக்கோங்க"ன்னு யாராவது சொல்வாங்க, அவசரப்பட்டு மாறிடாதீங்க. பெண்களுக்கு அது காலை வரைக்கும் உடம்புல தங்குதுன்னு 2013ல எஃப்.டி.ஏ. 10 மி.கி. அளவை 5 ஆ குறைச்சுச்சு, தூக்கத்துல எழுந்து நடக்கறது, சமைக்கறது, வண்டி ஓட்டறதுன்னு விபரீதம் நடந்ததால 2019ல கருப்புக் கட்டமும் போட்டுச்சு. அலர்ஜி மாத்திரை, சளி மாத்திரையை தூக்கத்துக்கு குடுக்கறதும் வேண்டாம், வயசானவங்களுக்கு மூத்திரம் அடைச்சுக்கும், புத்தி குழம்பும்.

தூக்கத்துக்கு மருந்தில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு, பேசிப் பழக்கற முறை, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியமே அதுதான்னு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல சொல்லிடுச்சு. வீட்டுல நீங்க ஆரம்பிக்கக்கூடியது, எவ்வளவு தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுப்பறது, பகல்ல கட்டில்ல படுக்க விடாம வாசல்ல வெளிச்சத்துல உட்கார வைக்கறது, சாயங்காலம் 4 மணிக்கு மேல காபி இல்லை, தூக்கம் கண்ணை சுத்தினாத்தான் படுக்கை. எட்டரைக்கே சாப்பாடு போட்டு படுக்க வெச்சுட்டு 12 மணிக்கு முழிச்சுட்டாங்கன்னு சொல்றோம், அந்த வயசுல ஆறு மணி நேரம் தூங்கினாலே பலருக்கு போதும். முதல் ரெண்டு வாரம் இன்னும் மோசமா இருக்கும், அதுல பயந்து விட்டுடாதீங்க. அப்பறம், அவங்களுக்கு தூக்கம் போனது அப்பா போனதால. அந்த துக்கத்துக்கு 7 வருஷமா கிடைச்சது ஒரு மாத்திரைதான். சாயங்காலம் பக்கத்துல உட்கார்ந்து அப்பாவைப் பத்தி பேச விடுங்க, மனநல ஆலோசகர்கிட்ட பேச வைக்க முடிஞ்சா வையுங்க, 14416ங்கற அரசாங்க டெலி மானஸ் நம்பர்ல தமிழ்லயே பேசலாம், காசு இல்லை.

இந்த மாத்திரைங்க சேர்ந்து உள்ள இருக்கற வரைக்கும் ராத்திரி யாராவது அம்மா ரூம்லயே படுங்க. பேர் சொல்லி கூப்பிட்டு தோளை உலுக்கியும் எழலைன்னா, மூச்சு நிமிஷத்துக்கு 8, 10ன்னு இறங்கிட்டா, குறட்டை களகளன்னு கேட்டு நடு நடுவுல நின்னா, உதடு நீலமா இருந்தா, கண்ணு பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருந்தா, உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வெச்சு தாடையை மேல தூக்கிப் பிடிங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, காபி ஊத்தாதீங்க. நான் படிச்சிட்டு இருந்த காலத்துல ஒரு வார்டுல இடுப்பு ஆபரேஷன் பண்ணின பெரியவருக்கு சாயங்காலம் வலி ஊசி போட்டிருந்தாங்க, ராத்திரி டியூட்டி மாறினப்ப வழக்கமான தூக்க மாத்திரையும் சேர்ந்து போயிடுச்சு. "தாத்தா இன்னைக்குத்தான் நல்லா குறட்டை விட்டு தூங்கறார்"னு பேரன் சந்தோஷமா உட்கார்ந்திருந்தான். பக்கத்து கட்டிலுக்கு வந்த ஒரு ஆயாம்மா அந்த குறட்டை சத்தம் சரியில்லைன்னு ஓடி வந்து சொன்னதாலதான் அவர் பிழைச்சார்.

கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கால்மிதியை எடுத்துடுங்க, முதுகு ஆறற வரைக்கும் கட்டில் பக்கத்துலயே கமோட் நாற்காலி வையுங்க. டாக்டர்கிட்ட போகும்போது வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும், பி.பி., சர்க்கரை, இருமல் மருந்து, பக்கத்து வீட்டுல குடுத்தது உட்பட, ஒரே பைல போட்டு எடுத்துட்டுப் போய் மேஜை மேல கொட்டுங்க, அல்ப்ரஸோலம் முதல்ல எழுதின அந்த 7 வருஷ பழைய சீட்டு இருந்தா அதையும். அண்ணனையும் அன்னைக்கு போன்ல ஸ்பீக்கர் போட்டு கேக்க வையுங்க. ஒரு வாரம் கழிச்சு, அம்மா பகல்ல எத்தனை மணி நேரம் முழிச்சிருக்காங்கன்னு எனக்கு எழுதுங்க.